ஹோமி பாபா

ஹோமி ஜஹாங்கீர் பாபா (அக்டோபர் 30, 1909 – ஜனவரி 24, 1966) இந்திய இயற்பியலாளர் ஆவார். இந்திய அணுசக்தித் திட்டத்தின் தந்தை எனப் போற்றப்படுகிறார். டாட்டா அடிப்படை ஆய்வுக் கழகத்தையும், இன்று பாபா அணு ஆராய்ச்சி மையம் என அறியப்படும் டிராம்பே நிறுவனத்தையும் தோற்றுவித்தவர் இவரே. அண்டக் கதிர்கள் பற்றிய இவரது ஆய்வுகள் துகள் இயற்பியலில் நிலையான இடம் பெற்றுள்ளன. 1966ஆம் ஆண்டு ஏர் இந்தியா விமானம் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன் பிளாங்க் சிகரத்தில் மோதியதில் இவர் உயிரிழந்தார். அவ்விபத்து நாசவேலையே என்னும் கருத்து இன்றளவும் பரவலாக வழங்கி வருகிறது. அக்கருத்துக்கு எத்துணைச் சான்று உள்ளது என்பதும் இக்கட்டுரையில் ஆராயப்படுகிறது.

இளமையும் கல்வியும்

பாபா மும்பையில் செல்வாக்குமிக்க பார்சி குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் ஜஹாங்கீர் ஹொர்முஸ்ஜி பாபா வழக்கறிஞர், தாயார் மெஹர்பாய். பாட்டனார் மைசூர் அரசின் கல்வித்துறையில் உயர் பதவி வகித்தவர். தந்தையின் உடன்பிறந்தாள் தொழிலதிபர் சர் தோராப்ஜி டாட்டாவை மணந்திருந்தார். டாட்டா குடும்பத்துடன் இருந்த இவ்வுறவு பாபாவின் பிற்கால வாழ்வில் பெரும் பங்காற்றியது. இளமையிலேயே இசை, ஓவியம், நூல்கள் ஆகியவற்றில் தோய்ந்து வளரும் வாய்ப்பும் இல்லத்திலேயே கிட்டியது.

மும்பையின் கதீட்ரல் ஜான் கானன் பள்ளியிலும், பின்னர் எல்பின்ஸ்டன் கல்லூரியிலும் ராயல் அறிவியல் கழகத்திலும் பயின்ற பாபா, 1927இல் கேம்பிரிட்ஜ் சென்று கான்வில்-கீயஸ் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். படிப்பை முடித்துத் திரும்பி ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலையில் பொறியாளராக அமரவேண்டும் என்பதே குடும்பத்தினரின் எண்ணம். ஆனால் கேம்பிரிட்ஜில் அப்போது குவாண்டம் இயற்பியல் புதுவெள்ளமெனப் பாய்ந்து கொண்டிருந்தது. தமக்குரிய துறை இயற்பியலே எனத் தந்தைக்குக் கடிதம் எழுதினார் மகன். பொறியியலில் முதல் வகுப்பில் தேறினால் மேலும் ஈராண்டு தங்கிக் கணிதம் பயிலப் பொருளுதவி செய்வதாகத் தந்தை இசைந்தார். 1930இல் பாபா பொறியியலில் முதல் வகுப்பில் தேறினார். பின்னர்க் கணிதத்திலும் அவ்வாறே தேறினார். பொறியியற் கல்வி வீண்போகவில்லை. பிற்காலத்தில் உலைகளையும் ஆய்வகக் கட்டடங்களையும் எழுப்பியபோது அவருக்குக் கைகொடுத்தது அக்கல்வியே.

அண்டக் கதிர் ஆய்வுகள்

கேம்பிரிட்ஜில் ரால்ப் பௌலரின் கீழ் ஆய்வு மேற்கொண்டு முனைவர் பட்டம் பெற்றார். இக்காலத்தில் கோபன்ஹேகனில் நீல்ஸ் போரிடமும், சூரிக்கில் பௌலியிடமும், ரோமில் பெர்மியிடமும் சென்று பணியாற்றும் வாய்ப்புகள் கிட்டின. எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் மோதிச் சிதறும் நிகழ்வைக் கணக்கிட்டு இவர் வெளியிட்ட கட்டுரையால் அந்நிகழ்வு இன்றும் பாபா சிதறல் என்றே அழைக்கப்படுகிறது. துகள் முடுக்கிகளில் மோதல்களின் எண்ணிக்கையை அளவிட இது அன்றாடம் பயன்படுகிறது.

1937இல் வால்டர் ஹைட்லருடன் இணைந்து அண்டக் கதிர்ப் பொழிவுகளுக்கு விளக்கம் அளித்தார். விண்ணிலிருந்து வரும் ஆற்றல்மிக்க ஒரு துகள் வளிமண்டலத்தில் ஒளித்துகளை வெளியிடுகிறது. அவ்வொளித்துகள் எலக்ட்ரான்-பாசிட்ரான் இணையாக மாறுகிறது. அவையும் மீண்டும் ஒளித்துகள்களை வெளியிடுகின்றன. இவ்வாறு ஒன்று பலவாகப் பெருகித் தரைமட்டத்தில் பொழிவாக இறங்குகின்றது என்பதே அவ்விளக்கம். அக்காலத்தில் புதிதாக அறியப்பட்ட இடைநிறைத் துகளுக்கு மேசான் என்னும் பெயரை 1939இல் பரிந்துரைத்தவர்களுள் பாபாவும் ஒருவர்.

பெங்களூரும் டாட்டா ஆய்வுக் கழகமும்

1939இல் விடுமுறைக்காக இந்தியா வந்திருந்தபோது இரண்டாம் உலகப் போர் மூண்டது. கேம்பிரிட்ஜ் திரும்ப இயலாத பாபா, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். இயற்பியல் துறையின் தலைவராக அங்கு இருந்தவர் சி. வி. இராமன். இராமனுக்கு இவர் மீது மிகுந்த மதிப்பு இருந்தது. பாபா தீட்டிய இராமனின் உருவப்படமும் உண்டு. 1941இல், தமது 31ஆம் அகவையில், இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகப் பாபா தேர்ந்தெடுக்கப்பட்டார். 1942இல் கேம்பிரிட்ஜின் ஆடம்ஸ் பரிசும் கிடைத்தது.

தற்செயலாக நேர்ந்த இத்தங்கல் அவரது போக்கை மாற்றிவிட்டது. வெளிநாட்டில் உயர்ந்த பதவியைத் தேடுவதைவிட இந்தியாவிலேயே உலகத்தரமுள்ள ஆய்வுக்கூடம் ஒன்றைக் கட்டியெழுப்புவதே தம் கடமை என்னும் முடிவுக்கு வந்தார். மார்ச் 12, 1944 அன்று தோராப்ஜி டாட்டா அறக்கட்டளைக்கு இது தொடர்பாக விரிவான கடிதம் ஒன்றை அனுப்பினார். அணுவைப் பிளந்து மின்னாற்றல் பெறும் காலம் வரும்போது இந்தியா வல்லுநர்களுக்காக வெளிநாடுகளை நோக்கி நிற்கக்கூடாது என்பது அக்கடிதத்தின் சாரம். ஹிரோஷிமா மீது குண்டு விழுவதற்கு ஓராண்டுக்கும் மேல் இருந்த நேரம் அது என்பதை இங்குக் கருதவேண்டும்.

டாட்டா அடிப்படை ஆய்வுக் கழகம் 1945 ஜூனில் பெங்களூரில் தொடங்கி அவ்வாண்டின் இறுதியிலேயே மும்பைக்கு இடம்பெயர்ந்தது. இக்கழகத்தின் கணிதப் பிரிவு தமிழகத்துடன் நெருங்கிய தொடர்புடையது. கே. சந்திரசேகரன் அதனைக் கட்டியமைத்தார். சென்னை இலயோலா கல்லூரியில் பயின்ற எம். எஸ். நரசிம்மன், சி. எஸ். சேஷாத்திரி ஆகியோர் 1953இல் அங்கு ஆய்வு மாணவராகச் சேர்ந்து உலகப் புகழ் பெற்றனர். திறமையுள்ளவரை முதலில் கண்டறிந்து, அவரைச் சுற்றித் துறையை வளர்ப்பதே பாபாவின் வழக்கம். துறையை அமைத்துவிட்டு ஆளைத் தேடுவதில்லை.

அணுசக்தித் திட்டம்

விடுதலை பெற்ற மறு ஆண்டே, ஆகஸ்ட் 1948இல், இந்திய அணுசக்தி ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் பாபா. பிரதமர் ஜவஹர்லால் நேருவிடம் அவருக்கு இருந்த நெருக்கத்தால் பிற துறைகளுக்கு வாய்க்காத உரிமையும் நிதியும் அணுசக்தித் துறைக்கு வாய்த்தன. 1954இல் அணுசக்தித் துறை தனித் துறையாகி நேரடியாகப் பிரதமரின் பொறுப்பில் வந்தபோது அதன் செயலாளராகவும் பாபாவே அமர்ந்தார். அதே ஆண்டில் அவருக்குப் பத்ம பூஷண் விருது வழங்கப்பட்டது. 1955இல் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் அவை நடத்திய, அணுசக்தியின் அமைதிப் பயன்பாடு குறித்த முதல் மாநாட்டிற்கு இவரே தலைமை தாங்கினார்.

டிராம்பேயில் கட்டப்பட்ட அப்சரா உலை ஆகஸ்ட் 4, 1956 அன்று இயங்கத் தொடங்கியது. நீர்த்தொட்டி வகையைச் சேர்ந்த இவ்வுலைக்கு எரிபொருள் பிரித்தானியாவிலிருந்து வந்தது. வடிவமைப்பும் கட்டுமானமும் இந்தியப் பொறியாளர்களுடையவை. அடுத்துக் கனடாவின் உதவியுடன் 40 மெகாவாட் ஆற்றலுடைய சைரஸ் உலை 1960இல் இயங்கியது. இதில் எரிந்த எரிபொருளிலிருந்து புளுட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் ஆலை 1964இல் செயற்படத் தொடங்கியது. அமைதிப் பணிக்கென வந்த உலையும், அதன் கழிவிலிருந்து குண்டுக்குரிய பொருளைப் பிரிக்கும் ஆலையும் ஒரே வளாகத்தில் இருந்தன என்பது பிற்கால வாதங்கள் அனைத்திற்கும் வேராகும்.

பாபாவின் நீண்டகாலத் திட்டம் தென்னிந்தியக் கடற்கரையின் மணலை அடிப்படையாகக் கொண்டது. கேரளத்திலும் குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியிலும் உள்ள கடற்கரை மணலில் மோனசைட்டு என்னும் கனிமம் உள்ளது. அதில் தோரியம் செறிந்துள்ளது. இந்தியாவில் யுரேனியம் குறைவு, தோரியம் மிகுதி. தோரியம் நேரடியாக எரிபொருள் ஆகாது. அதனை யுரேனியம்-233 ஆக மாற்றவேண்டும். எனவே பாபா மூன்று கட்டங்களை வகுத்தார். முதற்கட்டத்தில் இயற்கை யுரேனியத்தைக் கனநீர் உலைகளில் எரித்துப் புளுட்டோனியம் பெறுவது. இரண்டாம் கட்டத்தில் அப்புளுட்டோனியத்தை வேக ஈனுலைகளில் இட்டு எரிபொருளைப் பெருக்குவது. மூன்றாம் கட்டத்தில் தோரியத்தைப் பயன்கொள்வது. கல்பாக்கத்தின் கனநீர் உலைகள் முதற்கட்டத்தையும், 1985இல் அங்கு இயங்கத் தொடங்கிய வேக ஈனுலை இரண்டாம் கட்டத்தையும் சேர்ந்தவை.

திருநெல்வேலி மாவட்டத்தின் கூடங்குளம் அணுமின் நிலையத்தைப் பாபாவின் கனவு என மேடைகளில் குறிப்பிடுவதுண்டு. இது முற்றிலும் சரியன்று. 1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட உடன்பாட்டின் வழி அமைந்த கூடங்குளம் உலைகள் செறிவூட்டிய யுரேனியத்தில் இயங்கும் உருசிய மென்னீர் உலைகள். மூன்று கட்டத் திட்டத்திற்கு வெளியே, மின்தேவையைக் கருதிச் சேர்க்கப்பட்டவை. எனினும் பாபாவே தாராப்பூரில் அமெரிக்க மென்னீர் உலைகளை வாங்க முடிவு செய்தவர் என்பதால் அவருக்கு இவ்வழி அயலானது என்றும் கூறவியலாது.

அணுகுண்டு குறித்த நிலைப்பாடு

அக்டோபர் 16, 1964 அன்று சீனா தன் முதல் அணுகுண்டை வெடித்துச் சோதித்தது. 1962 போரில் சீனாவிடம் தோற்ற இந்தியாவில் இது பெரும் அதிர்ச்சியை உண்டாக்கியது. அம்மாதத் தொடக்கத்திலேயே, முடிவெடுக்கப்பட்டால் பதினெட்டு மாதங்களில் இந்தியாவால் அணுவெடிப்பு நிகழ்த்த இயலும் எனப் பாபா இலண்டனில் கூறியிருந்தார். அக்டோபர் 24 அன்று அகில இந்திய வானொலியில் ஆற்றிய உரையில், அமெரிக்கர் வெளியிட்ட செலவுக் கணக்கை மேற்கோள் காட்டி, ஐம்பது அணுகுண்டுகள் கொண்ட இருப்பிற்குப் பத்துக் கோடி ரூபாய்க்கும் குறைவாகவே ஆகும் என்றார். உலைகளுக்கும் புளுட்டோனிய ஆலைக்கும் ஆகும் செலவை இக்கணக்கு உள்ளடக்கவில்லை; இதனால் அப்போதே இது கண்டனத்திற்கு உள்ளாயிற்று.

அதே உரை ஆயுதக் குறைப்பை வலியுறுத்திய உரையும் ஆகும். சதிக் கருத்தைக் கூறுவோர் இப்பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். பதினெட்டு மாதம் என்ற கூற்றைத் தனியே பிரித்து, அதுவும் 1965இல் வானொலியில் கூறியதாக மாற்றி வழங்குகின்றனர். உண்மையில் அக்கூற்று நிபந்தனைக்கு உட்பட்டது. முடிவெடுக்க வேண்டியவர் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி. அவர் குண்டு தயாரிப்பிற்கு உடன்படவில்லை. அமைதிப் பணிக்கான நிலத்தடி வெடிப்புப் பற்றிய ஆய்வுக்கு மட்டுமே பின்னர் இசைவு அளித்தார்.

இறுதிப் பயணம்

1966 ஜனவரி இந்திய அரசியலில் கொந்தளிப்பான மாதம். 11ஆம் நாள் சாஸ்திரி தாஷ்கண்டில் காலமானார். 19ஆம் நாள் இந்திரா காந்தி காங்கிரஸ் நாடாளுமன்றக் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 24ஆம் நாள் பிரதமராகப் பதவியேற்றார். பாபாவின் விமானம் விழுந்ததும் அந்த 24ஆம் நாளன்றே.

வியன்னாவில் பன்னாட்டு அணுசக்தி முகமையின் அறிவியல் ஆலோசனைக் குழுக் கூட்டத்தில் கலந்துகொள்ளும் பொருட்டுப் பாபா புறப்பட்டார். அவர் ஏறிய ஏர் இந்தியா 101, கஞ்சன்ஜங்கா எனப் பெயரிடப்பட்ட போயிங் 707 வகை விமானம். மும்பையிலிருந்து தில்லி, பெய்ரூட், ஜெனீவா வழியாக இலண்டன் செல்வது அதன் பாதை. ஜெனீவாவில் இறங்கி வேறு விமானம் பிடிப்பது பாபாவின் ஏற்பாடு. விமானத்தில் 106 பயணிகளும் 11 பணியாளர்களுமாக 117 பேர் இருந்தனர்.

வானொலி அலைகளைக் கொண்டு தன் இருப்பிடத்தை அறிய விமானத்தில் இரண்டு ஏற்பிகள் இருந்தன. பெய்ரூட்டை விட்டுப் புறப்படும்போதே அவற்றுள் ஒன்று பழுதாகியிருந்தது. விமானி அதனை அறிந்தே இருந்தார். ஆல்ப்ஸை நெருங்கியபோது விமானம் ஏறத்தாழ 19,000 அடி உயரத்தில் இருந்தது. மோன் பிளாங்கின் உயரம் கடல்மட்டத்திலிருந்து 4,800 மீட்டருக்குச் சற்று மிகுதி, அதாவது 15,770 அடியளவு. அவ்வுயரத்திலேயே சென்றிருந்தால் சிகரம் விமானத்திற்குக் கீழே வெகு ஆழத்தில் கடந்து போயிருக்கும்.

ஜெனீவா கட்டுப்பாட்டு நிலையம், முகிலுக்கு மேலே தெளிவான பார்வையுடன் இறங்க முடிந்தாலன்றி உயரத்தைக் குறைக்கவேண்டாம் என அறிவுறுத்தியது. விமானி அதனை ஏற்று, தாம் மோன் பிளாங்கைப் பக்கவாட்டில் கடந்து கொண்டிருப்பதாகத் தெரிவித்தார். ரேடார் திரையில் அவ்வாறு தோன்றவில்லை. சிகரத்திற்கு இன்னும் ஐந்து மைல் உள்ளது எனக் கட்டுப்பாட்டாளர் கூறினார். பிழையைத் திருத்திவிட்டதாக அவர் எண்ணினார். விமானியோ அச்செய்தியைத் தம் கணக்குக்கு இசைவாகவே புரிந்துகொண்டு, சரி என்று விடையளித்து, இறங்கத் தொடங்கினார். காலை எட்டு மணியளவில், சிகரத்தின் உச்சிக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ 4,750 மீட்டர் உயரத்தில் விமானம் மோதியது. எவரும் உயிர்பிழைக்கவில்லை. ஐந்து மைல் என்பது அவ்விமானத்திற்கு ஏறத்தாழ ஒரு நிமிடப் பறப்புத் தொலைவு.

பிரெஞ்சு அரசின் விசாரணை ஆணைக்குழு 1967 மார்ச்சில் தன் அறிக்கையை அளித்தது. ஒரு கருவி பழுதான நிலையில் விமானி தம் இருப்பிடத்தைத் தவறாகக் கணித்ததும், அதனைத் திருத்த அனுப்பிய செய்தி போதிய துல்லியமின்றி இருந்ததால் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் காரணங்கள் என அது முடிவு செய்தது.

நாசவேலைக் கருத்துகள்

விபத்து நேர்ந்த சில நாட்களிலேயே ஐயங்கள் எழுந்தன. பதின்மூன்று நாள் இடைவெளியில் பிரதமரும் அணுசக்தித் தலைவரும் மறைந்ததே அவற்றிற்குப் போதுமானதாயிற்று. இவ்வையங்களைத் தொகுத்தால் இரண்டு கருத்துகள் தனியே ஆராயத்தக்கவை.

முதலாவது, ஐக்கிய அமெரிக்காவின் நடுவண் ஒற்று முகமை சரக்கு அறையில் குண்டு வைத்தது என்பது. இதற்கு மூலம் கிரெகரி டக்ளஸ் என்னும் பெயரில் எழுதியவர் வெளியிட்ட உரையாடல்கள். அம்முகமையின் முன்னாள் உயர் அலுவலர் இராபர்ட் குரோலி தம்முடன் தொலைபேசியில் பேசியபோது இதனை ஒப்புக்கொண்டார் என அவர் எழுதினார். இவை 2013இல் நூலாகவும் வந்தன. குரோலி 2000ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டார். எனவே மறுக்கவோ உறுதிப்படுத்தவோ அவர் இல்லை. பிறர் சரிபார்க்கத்தக்க ஒலிப்பதிவும் முன்வைக்கப்படவில்லை. டக்ளஸ் இதற்கு முன் வெளியிட்ட, நாசி செருமனியின் கெஸ்டாப்போ தலைவர் முல்லர் பற்றிய ஆவணங்களின் நம்பகத்தன்மையையும் வரலாற்றாளர்கள் ஐயுற்றனர். நாளிதழ்களிலும் இணையத்திலும் இக்கருத்து பலமுறை மறுபதிப்பாகியுள்ளது. ஆயினும் அனைத்தும் இவ்வொரு மூலத்தையே சென்றடைகின்றன. நூறு இடங்களில் வந்தமையால் நூறு சான்றுகள் ஆகிவிடா.

இரண்டாவது, வேறொரு விமானம், குறிப்பாகப் போர் விமானம் ஒன்று, வானில் இதன்மீது மோதியது என்பது. பனியாற்றில் விமானப் பாகங்களைப் பல்லாண்டு தேடிச் சேகரித்த பிரெஞ்சு ஆர்வலர்களிடையே இது எழுந்தது. இது சதியைவிட மூடிமறைப்பைக் கூறும் கருத்து. போயிங் 707க்கு உரியனவல்லாத பாகங்களும் அங்குக் கிடைப்பது உண்மையே. ஆனால் அதே மலையில் நவம்பர் 3, 1950 அன்று மலபார் பிரின்சஸ் என்னும் மற்றொரு ஏர் இந்தியா விமானம் மோதி 48 பேர் இறந்தனர் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். இரு விமானங்களின் சிதைவுகளும் அப்பனிச்சரிவுகளில் கலந்துள்ளன. 1966இல் அவ்விடத்தில் போர் விமானம் ஒன்று அழிந்தது என்பது நிறுவப்படவில்லை.

நாசவேலை நடக்கவே இயலாது என்பதும் சரியன்று. ஏர் இந்தியாவின் வரலாற்றிலேயே அதற்கு முன்னோடி உண்டு. 1955 ஏப்ரல் 11 அன்று ஹாங்காங்கிலிருந்து ஜகார்த்தா நோக்கிச் சென்ற காஷ்மீர் பிரின்சஸ் விமானம் தென்சீனக் கடலின் மீது வெடித்து 16 பேர் இறந்தனர். பாண்டுங் மாநாட்டிற்குச் செல்லவிருந்த சீனப் பிரதமர் சோ என்லாயைக் கொல்வதே நோக்கம். அவர் அதில் பயணம் செய்யவில்லை. அந்நிகழ்வில் மூன்று பணியாளர்கள் உயிர்தப்பி வெடியோசை கேட்டதைச் சாட்சியமளித்தனர். கடலிலிருந்து மீட்ட பாகங்களில் நேரக்குண்டின் கடிகாரப் பொறி கிடைத்தது. ஐயத்திற்குரிய விமான நிலையத் துப்புரவுப் பணியாளர் தைவானுக்குத் தப்பியோடியதும் தெரியவந்தது. இந்தியப் புலனாய்வு அதிகாரி ஆர். என். காவ் இவ்விசாரணையில் பங்கேற்றார். நாசவேலை நிகழ்ந்தால் அது விட்டுச்செல்லும் தடயம் எத்தகையது என்பதற்கு இது அளவுகோல். கஞ்சன்ஜங்கா விபத்தில் இவற்றுள் ஒன்றுகூட இல்லை.

மற்றோர் ஒப்பீடு ஹிண்டன்பர்க் என்னும் செருமானிய வான்கப்பல். மே 6, 1937 அன்று ஐக்கிய அமெரிக்காவின் லேக்கர்ஸ்ட்டில் தரையிறங்கும்போது அது எரிந்து 36 பேர் மாண்டனர். கப்பலின் தலைவர் மாக்ஸ் புருஸ் இறுதிவரை நாசவேலை என்றே நம்பினார். வான்கப்பல் துறையின் முன்னோடியான ஹியூகோ எக்கெனர் தொடக்கத்தில் அவ்வாறு ஐயுற்றாலும், சான்றுகளைக் கண்டபின் கசிந்த ஹைட்ரஜன் வளிமம் நிலைமின்பொறியால் தீப்பற்றியது என்னும் முடிவுக்கு மாறினார். அமெரிக்க விசாரணையும் நாசவேலைக்குச் சான்று காணவில்லை. ஆயினும் 1962இலும் 1972இலும் வெளிவந்த நூல்கள் இறந்துபோன பணியாளர் ஒருவரையே குற்றவாளியாக்கின. 1975இல் திரைப்படமும் வந்தது. இறந்தவர் தம் பெயரைக் காத்துக்கொள்ள இயலாது. குரோலியின் வாக்குமூலம் எனக் கூறப்படுவதிலும் இதே நிலைதான்.

கஞ்சன்ஜங்காவைப் பொறுத்தவரை விபத்தின் இயங்குமுறையே குண்டுக் கருத்துக்கு இடையூறாக உள்ளது. இறுதி நிமிடம்வரை விமானி இயல்பாகப் பேசிக்கொண்டிருந்தார். அவர் தாம் கடந்துவிட்டதாக நம்பிய மலையிலேயே, ரேடார் காட்டிய திசையிலேயே, இறங்கும் நிலையில் விமானம் மோதியது. குண்டு வெடித்திருந்தால் அந்த ஒரு நிமிடத்திற்குள் வெடித்து, இடப்பிழையின் விளைவு எங்கு நேர்ந்திருக்குமோ சரியாக அங்கேயே விமானத்தைக் கொண்டு சேர்த்திருக்க வேண்டும். பாகங்களும் சிகரத்திற்கு முன்னரே பாதை நெடுகச் சிதறியிருக்கும். ஒரு செய்தியை இங்கு நேர்மையுடன் குறிப்பிடவேண்டும்: குளிர்காலத்தில், அவ்வுயரத்தில், சிதைவுகளை முழுமையாகத் திரட்டிச் சோதிக்க எவராலும் இயலவில்லை. ஆகவே குண்டு இல்லை என்பது சிதைவுகளைக் கொண்டு மட்டும் நிறுவப்பட்டதன்று. குண்டின் தேவையின்றியே நிகழ்வு முழுவதும் விளங்குகிறது என்பதே வலுவான வாதம்.

எஞ்சுவது நோக்கம். பாபாவின் மறைவால் வல்லரசுகள் பயனடைந்தன என்பர். இதில் ஓரளவு உண்மையுண்டு. அவருக்குப் பின் ஆணையத் தலைவரான விக்ரம் சாராபாய் குண்டு தயாரிப்பில் ஆர்வம் காட்டவில்லை. எனினும் பாபாவால் சேர்க்கப்பட்ட ராஜா ராமண்ணாவும் பிறரும் பணியைத் தொடர்ந்தனர். சைரஸ் உலையின் புளுட்டோனியத்தைக் கொண்டே மே 18, 1974 அன்று பொக்ரானில் முதல் வெடிப்பு நிகழ்ந்தது. பயனடைந்தவர் இருப்பது செய்தவர் அவரே என்பதற்குச் சான்றாகாது. ஒருவரைக் கொல்ல 117 பேரை ஏற்றிய விமானத்தில் குண்டு வைத்தனர் எனக் கூறுவதற்கு நோக்கத்தைவிடப் பெரிய சான்று வேண்டும். மேலும் இக்கருத்து மற்ற 116 பேரையும், பழுதான ஒரு கருவியுடன் ஆல்ப்ஸின் மீது பறக்க நேர்ந்த சூழலையும், தெளிவற்ற ஒரு வானொலிச் செய்தியையும் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. இவற்றில்தான் பிற்கால விமானப் பயணிகளுக்குப் பயன்படும் பாடம் இருந்தது.

பனியாற்றில் கிடைத்தவை

மோன் பிளாங்கின் பிரெஞ்சுச் சரிவில் உள்ள போசோன் பனியாறு மெல்ல நகர்ந்து, மேலே புதைந்தவற்றை ஆண்டுகள் பல கழித்துக் கீழே கொண்டுவருகிறது. புவி வெப்பமடைவதால் இது விரைவுபட்டுள்ளது. 2012 ஆகஸ்டில் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையுடன் ஒன்பது கிலோ எடையுள்ள தூதரக அஞ்சற்பை கிடைத்தது. இரகசிய ஆவணங்கள் இருக்கும் என ஊடகங்கள் எதிர்பார்த்தன. உள்ளே இருந்தவை தி ஹிந்து, தி ஸ்டேட்ஸ்மன் முதலிய நாளிதழ்களின் பழைய பிரதிகள், ஏர் இந்தியா நாட்காட்டிகள் போன்றவையே. 2017இல் மனித உடற்பாகங்கள் கிடைத்தன. அப்போது குரோலிக் கதை மீண்டும் செய்திகளில் வலம் வந்தது. 2020 கோடையில் கிடைத்த நாளிதழ்களில் இந்திரா காந்தி தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தி படிக்கும் நிலையிலேயே இருந்தது.

2013இல் மலையேறும் இளைஞர் ஒருவர் மரகதம், நீலம், மாணிக்கம் நிறைந்த உலோகப் பெட்டியைக் கண்டெடுத்துக் காவல்துறையிடம் ஒப்படைத்தார். உரியவர் எவரும் உறுதிசெய்யப்படாத நிலையில், 2021இல் அக்கற்கள் அவருக்கும் சமோனி நகராட்சிக்கும் சரிபாதியாகப் பகிர்ந்தளிக்கப்பட்டன. பாபாவின் உடல் மீட்கப்படவில்லை.

மறைவுக்குப் பின்

பாபா திருமணம் செய்துகொள்ளவில்லை. ஓவியத்திலும் மேற்கத்திய இசையிலும் அவருக்கு இருந்த ஈடுபாட்டின் தடயங்களை டாட்டா ஆய்வுக் கழகத்தின் சுவர்களில் காணலாம். தற்கால இந்திய ஓவியர்களின் படைப்புகளை அவரே தேர்ந்து அங்கு வாங்கி வைத்தார். 1967 ஜனவரியில் டிராம்பே நிறுவனத்திற்குப் பாபா அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் சூட்டப்பட்டது. மலபார் குன்றில் அவர் வாழ்ந்த மெஹ்ராங்கீர் இல்லம் தம்பி ஜாம்ஷெட் பாபாவிடம் இருந்து, அவர் 2007இல் மறைந்தபின் தேசிய நிகழ்கலை மையத்தைச் சேர்ந்தது. நினைவகமாக்க வேண்டும் என்ற கோரிக்கைகளுக்கிடையே 2014இல் 372 கோடி ரூபாய்க்கு ஏலம் போன அவ்வில்லம் 2016இல் இடிக்கப்பட்டது.